கறுப்பாக இருந்தாலும் அது கரிசல் இல்லை: சரளை மேல் படிந்த எரிமலைச் சாம்பல் மண்ணில் என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா வணக்கம். எங்களுக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். இப்போது அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் யெல்ம் என்ற ஊருக்கு வெளியே 4 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். மண் நம்ம ஊர்க் கரிசல் மாதிரியே கன்னங்கரேல் என்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் வாங்கினோம். மண் வரைபடத்தில் 'ஸ்பானவே' என்றும், பனியாற்றுச் சரளை மேல் எரிமலைச் சாம்பல் என்றும் போட்டிருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை போட்டோம். மே மாதம் தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறியது. அடியுரமாக டிஏபி என்ற தழை, மணிச்சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ்) உரத்தைத் தாராளமாகப் போட்டும் செடி எழும்பவில்லை. ஜூலையில் வாரம் ஒரு முறை நிறையத் தண்ணீர் பாய்ச்சியும் நாலாம் நாளே வாடுகிறது. பரிசோதனையில் அமில கார நிலை 5.4, கரிமப் பொருள் 11 சதவீதம், மணிச்சத்து குறைவு என்று வந்திருக்கிறது. சாம்பல் மண் என்பதால் பொட்டாஷ் போடவில்லை. ஆழ உழுது கல்லைப் பொறுக்கிவிடலாமா, களிமண் கொண்டுவந்து கொட்டலாமா? பண்ணைக் குட்டை வெட்டும் எண்ணமும் இருக்கிறது. கொஞ்சம் செம்மறியும் வாங்கப் போகிறோம்.

பதில்: வணக்கம் தம்பி. முதலில் அந்தக் கரிசல் நினைப்பை விட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. விளாத்திகுளத்துக் கரிசலில் களி அதிகம், அதுவும் நனைந்தால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கிற களி. ஐப்பசி கார்த்திகையில் குடித்த தண்ணீரை ஆழத்தில் பிடித்து வைத்துக்கொண்டு மாசி வரைக்கும் பருத்தியையும் சோளத்தையும் காப்பாற்றும். உங்கள் யெல்ம் மண்ணில் அந்தக் களி கிடையாது. கோடையில் எங்காவது வெடிப்பு விட்டிருக்கிறதா, பாருங்கள், இருக்காது. நிறம் ஒன்றுதான் ஒற்றுமை.

அந்த நிறம் வந்த கதையும் வேறு. ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன்னால் கனடாப் பக்கமிருந்து இறங்கிய பெரும் பனிப்பாளம் இன்றைய ஒலிம்பியா நகரத்தையும் தாண்டித் தெற்கே வந்து நின்றது. அது உருகிப் பின்வாங்கும்போது பெருக்கெடுத்த வெள்ளம், அரைத்து உருட்டிக் கொண்டுவந்த கூழாங்கல்லையும் மணலையும் சமவெளியாகப் பரப்பிவிட்டுப் போனது. பியர்ஸ் கவுண்டிப் (கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பக்கத்தில் இதை ஸ்டெயிலக்கூம் சரளை என்பார்கள், கட்டட வேலைக்கு இன்றைக்கும் வெட்டி எடுக்கிறார்கள். அந்தச் சரளை மேல்தான் பிற்பாடு காஸ்கேட் மலைத்தொடரின் எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து கலந்தது. 1980-இல் செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தபோது விழுந்த சாம்பலோ என்று நினைக்க வேண்டாம், அந்தச் சாம்பலைக் காற்று பெரும்பாலும் கிழக்கே யாக்கிமா பக்கம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உங்கள் நிலத்தில் இருப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழசு. அதற்கு மேல் புல்வெளி வளர்ந்து, அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் கேமாஸ் கிழங்குக்காகவும் மேய்ச்சலுக்காகவும் அவ்வப்போது தீ வைத்துக் காடு மூடாமல் பார்த்துக்கொண்டதால், புல்வேர் மக்கும் கரியும் சேர்ந்து மண் கறுத்தது.

இந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பல் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விறகுச் சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்பும் இருக்கும், மண்ணின் அமிலத்தைக் குறைக்கும். எரிமலைச் சாம்பல் என்பது பொடிப்பொடியான கண்ணாடி. அது சிதைந்து அல்லோஃபேன் போன்ற, ஒழுங்கான படிக உருவம் இல்லாத அலுமினியக் கனிமங்களாகிறது. ஆகவே பொட்டாஷ் வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், பரிசோதனைத் தாளில் குறைவு என்றால் போடத்தான் வேண்டும்.

இப்போது தண்ணீர். ஒரு குழி தோண்டுங்கள், மண்வெட்டி முட்டிக்கொண்டு 'கிணுங்' என்று சத்தம் வரும் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். ஸ்பானவே மண்ணில் கறுப்பு மண் பெரும்பாலும் 35, 40 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும், அதிலேயே கல் கலந்திருக்கும், அதற்குக் கீழே கொஞ்சம் பழுப்பு, அப்புறம் வெறும் சரளையும் மணலும்தான். சாம்பல் மண் தன்னளவில் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். ஆனால் சல்லடை மேல் வைத்த பஞ்சு போலத்தான் அதன் நிலைமை: நிறைகிற வரைக்கும் ஒரு சொட்டு கீழே விடாது, நிறைந்த பிறகு ஊற்றுவது ஒரு சொட்டும் தங்காது. இன்னொன்று, கீழே நிலத்தடி நீர் நிறைய இருந்தாலும் பெரிய பெரிய இடைவெளி உள்ள சரளை வழியாக அது மேலே ஏறி வேருக்கு வராது. நம்ம ஊரில் 'கீழ் ஈரம் காப்பாற்றும்' என்பார்களே, அது இங்கே எடுபடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 சென்டிமீட்டர் மண், அதில் 30 சதவீத இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி மண்ணில் செடி உறிஞ்சக்கூடிய தண்ணீர் மொத்தமே 45 முதல் 50 மில்லிமீட்டர்தான் தேறும். காய்கறிக்கு அதில் பாதி தீர்வதற்குள் அடுத்த தண்ணீர் கொடுக்க வேண்டும். ஜூலை வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் போகிறது என்றால் நாலைந்து நாளில் கதை முடிந்தது. நீங்கள் நாலாம் நாள் வாடுகிறது என்று எழுதியிருப்பது அச்சாக இந்தக் கணக்குதான், நோய் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை வெள்ளமாக விட்டதில் பாதிக்கு மேல் சரளைக்குள் போயிருக்கும், கூடவே நீங்கள் போட்ட தழைச்சத்தையும் கரைத்துக்கொண்டு போயிருக்கும். அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குத் தண்ணீர் வருவதும் அதே சரளையிலிருந்துதான், உங்கள் வீட்டுக் கிணறு உட்பட. அதனால் சொட்டுநீர் போட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை 10 மில்லிமீட்டர் அளவுக்குக் கொடுங்கள். கடும் வெயிலில் தினமும் கொஞ்சமாகக் கொடுத்தாலும் தப்பில்லை. செடியைச் சுற்றி வைக்கோல் மூடாக்கு கட்டாயம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை எத்தனை பரப்புக்குப் பாய்ச்சலாம், விளைச்சலை விற்றால் விதி மாறுமா என்பதை முன்கூட்டியே கவுண்டியில் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த மாநிலத்தில் இதற்கு வரம்பு உண்டு.

மணிச்சத்துதான் இந்த மண்ணின் பெரிய தொல்லை. எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு அமெரிக்க வகைப்பாட்டில் வைத்திருக்கும் அடையாளங்களில் ஒன்றே, கொடுத்த மணிச்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல் பிடித்துவைத்துக்கொள்வது என்பதுதான் (கண்ணாடி இன்னும் அதிகம் சிதையாத மண்ணுக்கு வரம்பு இதைவிடக் குறைவு). அல்லோஃபேனில் உள்ள அலுமினியம் மணிச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்கிறது, செடிக்குச் சுலபத்தில் விடாது. நீங்கள் டிஏபியை நிலம் முழுக்க வீசிக் கலந்தீர்கள் என்றால் ஒவ்வொரு குருணையையும் முடிந்த அளவு அதிக மண்ணோடு உரசவிட்டீர்கள் என்று அர்த்தம், அதாவது பிடிப்பவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். வீசாதீர்கள். விதைக்கு அல்லது நாற்றுக்குப் பக்கவாட்டில் 5 சென்டிமீட்டர் தள்ளி, 5 சென்டிமீட்டர் கீழே ஒரு கோடாக இடுங்கள். மக்கிய கம்போஸ்ட்டோடு சேர்த்துக் குழியில் வைத்தால் இன்னும் நல்லது. இலை ஊதாவாவது மணிச்சத்துக் குறைவின் அடையாளம், ஆனால் மே மாத ஊதா நிறத்தில் குளிருக்கும் பங்கு உண்டு: மண் சில்லென்று இருக்கும்போது வேர் மணிச்சத்தை எடுக்காது. மண் சூடு பிடித்த பிறகு நட்டால் அதில் பாதி தானே சரியாகும். அவசரப்பட்டு மே முதல் வாரத்தில் மிளகாய் நடுவதில் லாபம் எதுவும் இல்லை.

பரிசோதனைத் தாளில் இரண்டு விஷயம் பாருங்கள். மணிச்சத்தை எந்த முறையில் அளந்தார்கள்? நம்ம ஊர்ச் சுண்ணாம்பு மண்ணுக்கு ஓல்சன் முறை சரி, காஸ்கேட் மலைக்கு மேற்கே உள்ள அமில மண்ணுக்கு பிரே முறையைத்தான் வழக்கமாகப் பார்ப்பார்கள், ஒன்றின் எண்ணை இன்னொன்றின் அட்டவணையில் வைத்துப் படித்தால் எல்லாம் தப்பாகும். அடுத்தது எடை. ஒரு ஏக்கர் உழவு மண் சுமார் 900 டன் என்று எடுத்துக்கொண்டுதான் பல பரிசோதனைக் கூடங்கள் கணக்குச் சொல்லும். சாம்பல் மண் லேசு, ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராமோ அதற்கும் கீழோ இருக்கும். காய்ந்த மண்ணை ஒரு வாளி தூக்கிப் பார்த்தாலே தெரியும். போதாததற்குக் கூடத்தில் கல்லைச் சலித்து எடுத்துவிட்டுத்தான் அளக்கிறார்கள். 17 சென்டிமீட்டர் ஆழம், அடர்த்தி 0.8, கல் 30 சதவீதம் என்று போட்டால் உங்கள் ஏக்கரில் உண்மையான மண் 400 டன்கூடத் தேறாது. தாளில் ஒரு சத்து 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு மண்ணில் 20 பங்கு) என்று இருந்தால் அவர்கள் கணக்கில் 18 கிலோ, உங்கள் நிலத்தில் 8 கிலோவுக்குக் கீழே! 'இருக்கிறது' என்று தாள் சொல்வதைப் பாதியாக்கிப் படியுங்கள்.

கரிமப் பொருள் 11 சதவீதத்தைப் பார்த்துவிட்டுத் தழைச்சத்து தானாக வரும் என்றும் இருந்துவிடாதீர்கள். இந்த மண்ணில் மக்கும் அலுமினியமும் பின்னிப் பிணைந்து கிடப்பதால் நுண்ணுயிர்கள் அதை லேசில் சிதைக்க முடியாது. அதனால்தான் அது இத்தனை காலம் அழியாமல் கறுப்பாகவே இருக்கிறது. புதிதாகப் போடும் கம்போஸ்ட், பயறுவகைப் பசுந்தாள், இவைதான் வேலை செய்யும். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று, நான்கு முறையாகப் பிரித்து மேலுரமாகக் கொடுங்கள். அங்கே மழை அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க ஊற்றும், மிச்சமிருக்கும் தழைச்சத்து (நைட்ரேட்) எல்லாம் அப்போதுதான் சரளைக்குள் இறங்கும். அதைப் பிடிக்க, செப்டம்பரிலேயே ரை தானியமும் வெட்ச் பயறும் கலந்து விதைத்துவிடுங்கள். தக்கைப்பூண்டு, சணப்பு எல்லாம் அந்தக் குளிரில் நிற்காது. குளிர்காலத்தில் எரு போடுவது வீண்.

அமில கார நிலை 5.4 காய்கறிக்குக் குறைவுதான், 6.2 பக்கம் கொண்டுவரலாம். ஆனால் சாம்பல் மண் சுண்ணாம்பை நிறையக் குடிக்கும். குத்துமதிப்பாகப் போடாமல் எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்று காட்டும் எஸ்எம்பி என்ற பரிசோதனையைக் கேட்டு வாங்கி, அதன்படி இலையுதிர் காலத்தில் போடுங்கள். உருளை போடும் பாத்திக்கு மட்டும் வேண்டாம், கிழங்கில் சொறி வரும்.

ஆழ உழவு வேண்டவே வேண்டாம். உழ உழக் கல்தான் மேலே வரும், நல்ல மண் கீழே போகும். ரொட்டாவேட்டரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் இந்த லேசான மண் மாவாகிக் காற்றில் பறக்கும். மேலே தெரியும் பெரிய கல்லை மட்டும் பொறுக்குங்கள். களிமண் லாரிக் காசை மிச்சப்படுத்திக் கம்போஸ்ட் வாங்குங்கள். பாதை போடவோ கொட்டகை கட்டவோ இந்தக் கறுப்பு மண்ணை வழித்தால் ஒரு கூடைகூட வெளியே போகாமல் பாத்தியில் சேர்த்துவிடுங்கள், உங்களுக்கு இருப்பதே ஒன்றரை அடிக்குள்தான்.

செம்மறி பற்றி ஒரு வார்த்தை. மேற்கு வாஷிங்டன் தீவனத்தில் செலினியம் குறைவு. பிறந்த குட்டி கால் விறைத்து எழ முடியாமல் கிடந்தால் பெரும்பாலும் அதுதான். செம்மறிக்கென்று விற்கும் தாது உப்பை வையுங்கள், மாட்டுக்கு உள்ளதை வைத்தால் அதிலிருக்கும் செம்பு செம்மறிக்கு நஞ்சாகும். செலினியம் ஊசி போடுவதைக் கால்நடை மருத்துவரிடம் விடுங்கள், செலினியம் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து.

குட்டை வெட்டினால் பிளாஸ்டிக் விரிப்பு இல்லாமல் ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்காது. அதைவிட முக்கியம், அந்தப் புல்வெளி மண்ணில் மசாமா கோஃபர் என்ற வளை தோண்டும் சிறு விலங்கு வாழ்கிறது. அந்தப் பகுதியில் உள்ள அதன் உட்பிரிவுகளை 2014-இல் கூட்டாட்சி அரசு அச்சுறுத்தலுக்கு உள்ளானவையாகப் பட்டியலிட்டுவிட்டது. குட்டைக்கோ கொட்டகைக்கோ இயந்திரத்தை வரச்சொல்லும் முன் கவுண்டி அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், நிலத்தில் புதிதாகத் தள்ளிய மண்மேடுகள் இருந்தால் அதைக் கலைக்காமல் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.