பயந்துபோன குழுவுக்குத் தலைவரானால்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 14 பேர் உள்ள பிரிவுக்குப் பொறுப்பேற்றிருக்கிறேன். முன்பிருந்தவர் தவறு செய்தவர்களை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டுவாராம். ‘எதுவானாலும் என்னிடம் சொல்லலாம்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள்.

பதில்: முன்பிருந்தவரும் வந்த புதிதில் அதையே சொல்லியிருக்கக்கூடும். ‘என்னை நம்புங்கள்’ என்ற பேச்சை நிறுத்திவிட்டு, உங்கள் கையைக் கட்டும் விதிகள் நான்கைந்தை எழுதி எல்லாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். விடுப்பு எந்த வரிசைப்படி தரப்படும். மதிப்பீட்டில் பாதகமாக எழுதுவதாக இருந்தால் எத்தனை நாள் முன்பே உரியவரிடம் சொல்வீர்கள். கண்டிப்பது தனி அறையில் மட்டுமே. இப்படி. பத்துப் பன்னிரண்டு விதி போட்டால் உங்களாலேயே காப்பாற்ற முடியாது.

‘தவறுக்குத் தண்டனையே கிடையாது’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தெரிந்தே ஏய்ப்பது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவது, நடந்ததை மறைப்பது ஆகிய மூன்றுக்கும் நடவடிக்கை உண்டு. கைத்தவறு, கணக்குப் பிழை, தாமதம் போன்றவற்றைத் தானே முன்வந்து சொன்னால் இல்லை. இந்தக் கோட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள். பின்னால் போட்டால் யாரையோ பிடிக்கப் போட்டதாகத்தான் நினைப்பார்கள்.

சில வாரங்களில் யாராவது ஒரு சின்னத் தவறைச் சொல்லி உங்களை ஆழம் பார்ப்பார். அப்போது மூன்றே கேள்வி கேளுங்கள்: இப்போது நிலைமை என்ன, உடனே எதைத் தடுக்க வேண்டும், நான் என்ன செய்து தரட்டும்? ‘ஏன் இப்படி ஆயிற்று’ என்பது மறுநாளைக்கு. அந்த நேரத்தில் ‘ஏன்’ என்றாலே விசாரணையாகத்தான் காதில் விழும். இரண்டு நாளுக்குள் நீங்களே அவரிடம் போய், எடுத்த நடவடிக்கையைச் சொல்லுங்கள். எதுவும் செய்ய முடியவில்லை என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள். பெரும்பாலான தலைவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பொறுமையாகக் கேட்பார்கள், பிறகு சத்தமே இருக்காது.

கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள்; இளையவரிலிருந்து தொடங்குங்கள். ‘சந்தேகம் உண்டா?’ என்றால் மௌனம்தான் வரும். ‘இந்தத் திட்டம் சொதப்பினால் எங்கே சொதப்பும்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மேலதிகாரியிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை ஏறும். 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்ததைக் கண்டார். அங்கே பிழையைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடிந்தது என்பதே அவர் தந்த விளக்கம்.

கேள்வி: பெயரில்லாப் புகார்ப் பெட்டி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், சாவி உங்களிடம் இல்லாவிட்டால். அமெரிக்காவில் விமானப் பாதுகாப்புத் தகவல்களைப் பெறும் திட்டத்தை, விமானிகளின் உரிமத்தில் கைவைக்கும் அதிகாரம் கொண்ட துறையே 1975இல் தொடங்கியது. அதனிடம் சொல்ல விமானிகள் தயங்குவார்கள் என்பது புரிந்ததும், 1976இல் தகவல் பெறும் வேலை நாசாவிடம் போயிற்று. நாசாவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அடையாளங்களை நீக்கிவிட்டே தகவலைப் பயன்படுத்துகிறது. வேண்டுமென்று செய்யாத விதிமீறலை 10 நாளுக்குள் தெரிவித்தால், சில நிபந்தனைகளோடு தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. விபத்துக்கும் குற்றச் செயலுக்கும் அது பொருந்தாது.

உங்கள் அளவில், சாவியை வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் சாரத்தை மட்டும் தட்டச்சு செய்து தரட்டும். ‘இது யார் எழுதியது என்று எனக்குத் தெரியும்’ என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பெட்டி அன்றோடு காலி.

கேள்வி: ஆட்குறைப்பு பற்றி வெளியே பேசக்கூடாது என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. குழுவினர் நேராகக் கேட்கிறார்கள்.

பதில்: ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று சொல்லாதீர்கள். ‘ஆள் சேர்ப்பு, நீக்கம் பற்றி நான் பேச முடியாது’ என்பதே பதில். ஆனால் எதுவும் நடக்காத காலத்திலும் இதே பதிலைச் சொல்லிவந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பேச மறுப்பதை வைத்தே விஷயத்தை ஊகித்துவிடுவார்கள். எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும் என்பதையாவது சொல்ல மேலிடத்திடம் அனுமதி கேளுங்கள். அதைத் தருவதில் அவர்களுக்குப் பொதுவாகத் தயக்கம் குறைவு.