கல்லின் பெயர் கேட்கும் முன், எடுத்த இடத்தைச் சொல்லுங்கள்

இந்தக் கல் கேள்வி-பதில் பகுதிக்கு இந்த முறையும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். மங்கலாக ஒரு படம், கீழே "இது என்ன கல் சார்?", அவ்வளவுதான். எங்கே எடுத்தது, கை அளவா விரல் அளவா, கனமா லேசா, கண்ணாடியைக் கீறுகிறதா, காந்தம் ஒட்டுகிறதா, பீங்கானில் தேய்த்தால் கோடு என்ன நிறம், ஒன்றும் இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரைக்கும் கிடைக்கும் கறுப்புக் கற்களில் ஐந்தாறு வகை படத்தில் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில். எழுதாதவர்களில் இரண்டு மூன்று பேரையும் சேர்த்திருக்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும் என்பதால்.

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்று மணலில் தங்கத்தூள் போல மின்னுகிறது. வெளியே சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள், அது மைக்கா. கிரானைட் மலையிலிருந்து இறங்கும் ஆறு எல்லாவற்றிலும் இருக்கும், கறுப்பு மைக்கா மக்கினால் தங்க நிறம் காட்டும். ஊசி முனையால் அழுத்திப் பாருங்கள்: தங்கம் அமுங்கும், மைக்கா ஏடு ஏடாகப் பிரியும், தங்கம் போல மின்னும் பைரைட் நொறுங்கும். டூலாங்கில், அதாவது மணல் அலசும் வட்டத் தட்டில், சுற்றினால் மைக்கா தண்ணீரோடு போய்விடும், தங்கம் கடைசி வரை அடியில் கிடக்கும்.

பளபளப்பான கறுப்புக் கற்கள், கோடு கோடாக இருக்கின்றன. பக்கத்தில் பழைய ஈயச் சுரங்கம் இருந்ததாம். ஈயக்கல்தானே?

கோடு கோடாக என்று நீங்கள் எழுதியதுதான் உதவியது. இங்கே ஈயம் என்றால் வெள்ளீயம் (tin), காரீயம் இல்லை, ஈயக்கல் அதன் தாது. நீளவாக்கில் வரி ஓடி, உடைந்த முனை உருண்ட முக்கோணமாகத் தெரிந்தால் அது கறுப்பு டூர்மலின். ஈயக்கல் இருக்கும் பாறை நரம்புகளிலேயே டூர்மலினும் வளரும், அதனால்தான் இந்த ஏமாற்றம் இங்கே இவ்வளவு சகஜம். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரிய வேண்டும். டூர்மலினின் ஒப்படர்த்தி (தண்ணீரை விட எத்தனை மடங்கு கனம் என்ற எண்) 3 சொச்சம், ஈயக்கல்லுக்கு 7 கிட்ட, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

கை நம்பிக்கை இல்லை என்றால் அளந்து விடுங்கள், வீட்டில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். முதலில் கல்லைக் காய வைத்து நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு ஒரு எண் காட்டும். முதல் எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும். 70 கிராம் கல், தண்ணீரில் 10 காட்டினால் 7. சுண்டைக்காய் அளவுக் கல்லில் செய்து பார்த்துவிட்டு எண் தப்பாக வருகிறது என்று எனக்கு எழுதாதீர்கள், வீட்டுத் தராசுக்குக் குறைந்தது 50 கிராமாவது வேண்டும்.

7 வந்தாலும் துள்ள வேண்டாம், டங்ஸ்டன் தாதுவான வுல்ஃப்ராமைட்டும் அந்தப் பக்கம்தான். பீங்கான் ஓட்டின் மெருகு இல்லாத பின்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். ஈயக்கல் கறுப்பாக இருந்தாலும் கோடு வெள்ளையாகவோ லேசான பழுப்பாகவோதான் விழும், வுல்ஃப்ராமைட்டின் கோடு அடர்பழுப்பு. பழைய ஆட்கள் துத்தநாகத் தகட்டில் வைத்து ஆசிட் விட்டு, கல் மேல் சாம்பல் பூச்சு படிகிறதா என்று பார்ப்பார்கள். நம்பகமான சோதனைதான், ஆனால் வீட்டில் செய்ய வேண்டாம்.

இன்னொன்று. ஈயம் தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கும் ஈயக்குட்டைப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். கரை மணல் உறுதியாக இருப்பது போல் தெரியும், கால் வைத்தால் சரியும், அங்கிருந்து இரண்டடியில் ஆழம். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

வெள்ளி நிறக் கல். சுத்தியலால் தட்டினால் பூண்டு வாசம் வருகிறது.

ஆர்செனோபைரைட். அதில் ஆர்செனிக் இருக்கிறது. மேலும் தட்டாதீர்கள், நெருப்பில் காட்டவே காட்டாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எந்தக் கல்லையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

செம்பனைக்கு உரக்குழி வெட்டும்போது கறுப்புக் கல் கிடைத்தது. நல்ல கனம், காந்தம் ஒட்டுகிறது, உள்ளே சிறு சிறு ஓட்டைகள். விண்கல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

ஓட்டை என்று எழுதிவிட்டீர்கள், அதோடு விண்கல் கதை முடிந்தது. விண்கல்லுக்குள் காற்றுக்குமிழி ஓட்டைகள் அநேகமாக இருக்காது. உங்களிடம் இருப்பது உலைக்கசடு. நம் பக்கத்தில் ரயில் பாதை ஓரம், பழைய கொல்லுப்பட்டறை இருந்த இடம், தோட்டத்துப் பாய்லர் சாம்பல் கொட்டிய மேடு, எங்கே தோண்டினாலும் வரும். ஓட்டை இல்லாமல் காந்தம் ஒட்டுகிற கல் என்றால் பீங்கானில் தேய்த்து விழும் கோட்டைப் பாருங்கள்: கறுப்பு என்றால் மேக்னடைட், செம்பழுப்பு என்றால் ஹேமடைட் கலந்தது, மஞ்சள் பழுப்பு என்றால் செம்மண்ணில் விளைந்த இரும்புக் கட்டி. விண்கல் பீங்கான் ஓட்டில் சாதாரணமாகக் கோடே விடாது, புதிதாக விழுந்ததன் மேல் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், உடைந்த இடத்தில் உலோகப் பொட்டுகள் மின்னும். இத்தனையும் பொருந்தினால் அப்போது எழுதுங்கள்.

அப்பா சரளை மண்ணில் பொறுக்கிய கறுப்புக் கண்ணாடிக் கட்டி, பாட்டில் மூடி அளவு. மேலெல்லாம் குழி குழியாக இருக்கிறது. மெல்லிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பாகத் தெரிகிறது. காந்தம் ஒட்டவில்லை. 1970களில் கம்பார் பக்கத்து ஈயச் சுரங்கத்தில் எடுத்தது.

இப்படித்தான் எழுத வேண்டும்! அளவு, வெளிச்சத்தில் நிறம், காந்தம், ஊர், காலம், எல்லாம் இருக்கிறது. உங்கள் அப்பா பொறுக்கியது டெக்டைட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. ஏறக்குறைய 8 லட்சம் ஆண்டுக்கு முன் ஒரு பெரிய விண்பொருள் பூமியில் மோதியதில் உருகித் தெறித்த மண் வானத்திலேயே கண்ணாடியாக இறுகி, இந்தோசீனாவிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் விழுந்தது. அதாவது இது விண்கல் அல்ல, பூமியின் மண்தான். மோதிய பள்ளம் எங்கே என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை, இந்தோசீனப் பக்கம் என்று பலர் கருதுகிறார்கள். நம் தீபகற்பத்தில் ஈயச் சரளையைக் கழுவும்போது இவை கிடைத்திருக்கின்றன. மெருகு போடாதீர்கள், துளை போட்டு டாலர் ஆக்காதீர்கள், அந்தக் குழிகள்தான் அதன் அடையாளம். அப்பா சொன்ன விவரத்தை இன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். ஏன் என்று அடுத்த பதிலைப் படித்தால் புரியும்.

தாத்தா ஈயம் தோண்டும் கப்பலில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு ஒரு மைலோ டின் நிறையக் கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் பழைய தாளில் சுற்றி, பென்சிலில் என்னமோ எழுதியிருந்தது. தம்பி தாளையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, கற்களை ஆசிட்டில் ஊற வைத்துச் சுத்தம் செய்துவிட்டான். படம் அனுப்பியிருக்கிறேன். எது எது எந்தச் சுரங்கத்துக் கல் என்று சொல்ல முடியுமா?

முடியாது தம்பி. என்னால் மட்டும் இல்லை, யாராலும் முடியாது. அந்த டின்னில் விலை போட முடியாத பொருள் ஒன்று இருந்தது என்றால் அது அந்தத் தாள்கள்தான், அதைத்தான் குப்பையில் போட்டிருக்கிறீர்கள்.

கோபம் வருகிறது, மறைக்கவில்லை. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்தது. 1985இல் ஈய விலை சரிந்தது, சுரங்கங்கள் வரிசையாக மூடின. இன்றைக்கு அந்த இடங்களில் என்ன இருக்கிறது? குட்டை, மீன் வளர்ப்பு, தாமான் என்னும் குடியிருப்பு, கோல்ப் திடல். கோலாலம்பூர் பக்கத்துச் சுங்கை பீசியில் உலகத்திலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று இருந்தது, இப்போது அது ஏரி, சுற்றிலும் ஹோட்டலும் கடைத்தொகுதியும். அங்கே போய் இன்னொரு கல் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் நடக்கிற காரியமா? அந்தச் சுரங்கங்களிலிருந்து வந்த கல் இனி வீடுகளில் இருக்கும் டின்களில்தான். அதில் வேலை செய்த நம் ஆட்கள், படிப்பு அதிகம் இல்லாதவர்கள், பொறுப்பாகப் பென்சிலில் எழுதிச் சுற்றி வைத்தார்கள். படித்த பேரப்பிள்ளைகள் தூக்கிப்போடுகிறோம்.

ஆசிட் அடுத்த கேடு. கால்சைட் ஒட்டியிருந்தால் கரைந்து போயிருக்கும். ஷீலைட் என்ற டங்ஸ்டன் தாது இருந்தால், கிராமாட் பூலாய் சுரங்கம் அதற்குப் பேர்போனது, மேலே மஞ்சள் பூத்திருக்கும். இரும்புக் கறை போயிருக்கும், அந்தக் கறையும் ஒரு தடயம். மலாயாவின் பெயரையே தாங்கிய மலாயைட் என்ற கனிமம் இருக்கிறது, கால்சியமும் ஈயமும் சேர்ந்தது, பேராக்கில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள். பார்க்க மங்கலான சாதாரணக் கல். குற்றலை புற ஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக எரியும், அதே விளக்கில் ஷீலைட் நீலவெள்ளை. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கும் ஊதா டார்ச் இதற்கு உதவாது, அதன் அலைநீளம் வேறு. சரியான விளக்கைக் கண்ணாடி அணியாமல் பார்க்கவும் கூடாது.

சரி, இனி செய்ய வேண்டியது. தாத்தாவோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள், எந்தக் கப்பல், எந்த ஊர் என்று கேளுங்கள். கப்பல் தோண்டியது வண்டல் மண்ணில், அங்கே வரும் கல் உருண்டு மழுங்கி இருக்கும். டின்னில் கூர் மழுங்காத படிகங்கள் இருந்தால் அவை மலைச் சுரங்கத்திலிருந்து, ஒருவேளை சுங்கை லெம்பிங் போன்ற ஆழ்சுரங்கத்திலிருந்து, யாரோ கொடுத்தவையாக இருக்கலாம். தாளில் பார்த்த ஒரு சொல், ஒரு எழுத்து ஞாபகம் இருந்தாலும் எழுதி வையுங்கள். கல்லின் அடியில் வெள்ளை மையால் ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் எண் போட்டு, அதே எண்ணை நோட்டில் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும், ஊகித்து ஊர்ப் பெயர் போடுவது தாளைத் தூக்கிப்போடுவதை விட மோசம்.

மகன் ஈய மணல் கழுவிய இடத்திலிருந்து கறுப்பு மணல் கொண்டுவந்து பாட்டிலில் போட்டுக் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறான். ஆபத்தா?

அது அமாங், ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான மணல். பெரும்பகுதி இல்மெனைட், கூடவே சிர்கான், மோனசைட், செனோடைம். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு உண்டு. ஒரு பாட்டிலுக்காகப் பதற வேண்டாம், ஆனால் படுக்கை அறையில் வேண்டாம், இறுக மூடி வெளியே ஸ்டோரில் வையுங்கள், இடித்துப் பொடியாக்கி மூச்சில் இழுக்க விடாதீர்கள். மூட்டைக் கணக்கில் வீட்டோரம் கொட்டி வைப்பது வேறு விஷயம், அதைச் செய்யவே கூடாது. மோனசைட்டைப் பதப்படுத்திய ஆலையால் புக்கிட் மேரா மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதை ஈப்போ பக்கத்து ஆட்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஒருவர் நாகமாணிக்கம் விற்கிறார், இருட்டில் ஒளிர்கிறது. முன்பணம் 3,000 வெள்ளி கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். எந்தப் பாம்பின் தலையிலும் கல் விளைவதில்லை. வெளிச்சத்தில் வைத்துவிட்டு இருட்டில் எடுத்தால் ஒளிரும் ரசாயனப் பூச்சு பொம்மைக் கடையிலேயே கிடைக்கிறது. கொடுத்துவிட்டீர்கள் என்றால் எனக்கு எழுதாமல் போலீசுக்குப் போங்கள்.

ஆற்றில் உருண்டையான கறுப்புக் கல் கிடைத்தது. பாட்டி சாளக்கிராமம் என்று பூஜையில் வைத்துவிட்டார்.

பாட்டியின் பூஜையில் நான் தலையிடவில்லை. கல் என்ன என்று கேட்டால், சாளக்கிராமம் நேப்பாளத்துக் கண்டகி ஆற்றில் வருவது, கறுப்புக் களிப்பாறைக்குள் அம்மோனைட் என்ற பழங்கால கடலுயிரின் சுருள் பதிந்த புதைபடிவம். உங்கள் கல்லில் சுருளும் வரியும் இல்லை. ஆறு உருட்டிய கல், அவ்வளவுதான்.

கண்ணாடியைக் கீறுகிறது. வைரமா?

குவார்ட்ஸ். குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். கோலாலம்பூருக்கு வடக்கே புக்கிட் தாபூர் மலைமுகடு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு முழுக்க அதுதான்.

சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் எடுத்த வெள்ளைக் கல்லில் ரப்பர் பாலுக்கு ஊற்றும் ஆசிட் விட்டேன், நுரைத்தது. குகைக்குள் தொங்குவதையும் உடைத்துச் சோதிக்கலாமா?

நுரைத்தால் கால்சைட், சரி. ஆனால் தோட்டத்து ஃபார்மிக் ஆசிட் கேனிலிருந்து அப்படியே எடுத்தால் தோலைப் பொசுக்கிவிடும், சமையல் சுக்காவே (வினிகர்) போதும். டோலமைட் என்றால் பொடித்து ஊற்றினால்தான் லேசாக நுரைக்கும். குகையில் தொங்குவதைத் தொடாதீர்கள், விரல் நீளம் வளர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம், உடைத்துச் சோதிக்க அதில் ஒன்றும் இல்லை, அதுவும் அதே கால்சைட்தான். செங்குத்துப் பாறைக்குக் கீழே உட்கார்ந்து சுத்தியல் போடவும் வேண்டாம். 1973இல் ஈப்போ குனோங் சீரோவில் பாறை பிளந்து விழுந்து 40 பேர் வரை இறந்தார்கள், யாரும் சுத்தியல் போடாமலேயே.

அசல் கற்களை நேரில் பார்த்துப் பழக எங்கே போவது?

ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறையின் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருக்கட்டும், நாற்பது மடங்கு என்று எழுதி இருபது வெள்ளிக்கு விற்பதை வாங்காதீர்கள், அதில் எழுதியிருப்பது பொய். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் கல்லைக் கிட்டே கொண்டுவர வேண்டும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.