பதில்: மூன்றாவது போஸ்டரையும் இலவசமாகக் கேட்கிறார்கள்

வணக்கம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து எட்டு மாதம், நாடகக் குழு ஒன்றுக்கு இரண்டு போஸ்டர்கள் காசு வாங்காமல் செய்தாயிற்று, இப்போது மூன்றாவதையும், மாற்றியமைக்கக்கூடிய மூலக் கோப்புகளையும் சேர்த்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூலக் கோப்புகளைக் கொடுக்காதீர்கள். கேட்டதாலேயே வடிவமைப்பின் உரிமை அவர்களுடையதாகிவிடாது; 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

குழுவிடம் பணம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அரங்க வாடகைக்கும் அச்சுக்கூலிக்கும் எப்படியோ புரட்டுகிறார்கள் அல்லவா? அந்தக் கணக்கில் உங்கள் பெயரும் ஒரு வரியாக ஏறட்டும். தொகை சிறியதானாலும் பாதி முன்பணம், இரண்டே திருத்தங்கள், போஸ்டரின் ஓரத்தில் உங்கள் பெயர். இந்த நிபந்தனைகளை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

கூச்சப்பட வேண்டாம். சென்னை ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் ஓவியர்கள், மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்திக் துணி விற்றுச் சேர்த்த பணத்தில்தான் 1966இல் தங்கள் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். கலைஞன் உழைப்புக்குக் கூலி கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

இன்னொன்று, அச்சகத்துக்கு நேரில் போங்கள். என் முதல் போஸ்டரில் திரையில் பளிச்சென்றிருந்த நீலம் தாளில் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. திருவல்லிக்கேணியில் இயந்திரம் ஓட்டிய பெரியவர், மை படிந்த கட்டைவிரலைத் தாளின் மேல் வைத்து, "மெஜந்தாவைக் குறை தம்பி" என்றார்; நீலத்தோடு கலக்கும் செவ்வூதா மையைத்தான் சொன்னார். அன்று கற்றதை எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை. பிறகு எனக்குச் சம்பளத்தோடு வேலை அனுப்பியவர்களில் பாதிப்பேர் அந்த அச்சகத்து வாடிக்கையாளர்கள்தான்.