தியேட்டர் யாருடையது? முதலில் பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் இருந்த ஒரே தியேட்டரை 1958இல் தாத்தா கட்டினார். 1979இல் பதிவு செய்த பாகப்பிரிவினையில் அது அப்பாவின் பங்குக்கு வந்தது. 1994 முதல் அப்பாவும் பெரிய அண்ணனும் பார்ட்னர்ஷிப் போட்டு நடத்தினார்கள். அம்மா முன்பே காலமாகிவிட்டார். அப்பா 2016இல் உயில் எழுதாமல் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பெரிய அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு, "உனக்கு இனி இங்கே வேலை இல்லை" என்று என்னை விரட்டிவிட்டார். அன்றிலிருந்து லாபத்தில் ஒரு ரூபாய்கூட எனக்கு வரவில்லை. இப்போது தியேட்டரை இடித்து வணிக வளாகம் கட்ட ஒரு நிறுவனத்திடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு அண்ணன்களும் ஒரு பத்திரத்தில் என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். மூன்று தலைமுறை படம் பார்த்த இடம் அது. பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கச் செய்ய முடியுமா? இடிக்கத் தடை வாங்க முடியுமா? மகளுக்கும் சம உரிமை என்ற 2020 தீர்ப்பை இணைத்திருக்கிறேன்.

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் அண்ணன் செய்த அவமானங்கள். அவை உண்மையாகவே இருக்கட்டும். உரிமையியல் நீதிமன்றத்துக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. 2020 தீர்ப்பும் உங்களுக்குத் தேவைப்படாது. தியேட்டர் அப்பாவின் தனிச்சொத்து என்று வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பூர்வீகச் சொத்து என்று வைத்துக்கொண்டாலும் அதே மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் மகள் என்பதை அண்ணன்கள் மறுக்கப்போவதில்லை. அவர்கள் வேறு ஒன்றை மறுப்பார்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரே ஒரு வரியில் வந்த விஷயம் அது: "1994 முதல் பார்ட்னர்ஷிப்". வழக்கு முழுக்க இந்த வரியில்தான் நிற்கிறது. தியேட்டர் நிற்கிற மனை அப்பாவின் சொத்தாகவே இருந்ததா, இல்லை பார்ட்னர்ஷிப்பின் சொத்தாக மாறிவிட்டதா?

மனை அப்பாவுடையதாகவே இருந்திருந்தால், அவர் இறந்த நொடியில் நீங்கள் மூவரும் கூட்டுரிமையாளர்கள். உங்கள் உரிமையை யாரும் மறுக்காதவரை பாகம் கேட்க அவசரமே இல்லை.

பார்ட்னர்ஷிப் நிறுவனத்தின் சொத்து என்றால் கதையே மாறிவிடும். கூட்டாளி ஒருவருக்கு நிறுவனத்தில் இருக்கும் உரிமை நிலத்தின் மீதான உரிமை அல்ல. கடன்கள் போக மிஞ்சுவதில் அவருடைய பங்கு என்ன என்ற கணக்கு மட்டுமே அது, அசையும் சொத்துதான். உச்ச நீதிமன்றம் 1966இலேயே நாராயணப்பா வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. இரண்டே கூட்டாளிகள் இருந்த நிறுவனம் ஒருவர் இறந்ததும் கலைந்துவிடும், ஏனென்றால் ஒற்றை ஆளை வைத்துக் கூட்டாண்மை நடத்த முடியாது. கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்டு வழக்குப் போட காலவரையறைச் சட்டம் தருவது 3 ஆண்டு. உங்களுக்கு அது 2019இல் முடிந்துவிட்டது. கணக்கு வழக்கே காலாவதியான பிறகு, நிறுவனத்தின் சொத்து ஒன்றை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு பங்கு கேட்க முடியாது என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும். வலுவான வாதம். பெரிய அண்ணன் இத்தனை வருடம் பேசாமல் இருந்ததற்கு உங்கள் மேல் உள்ள பாசம் காரணமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பயந்துவிட வேண்டாம். கூட்டாளியின் இடத்தில் நிறுவனம் தொழில் நடத்தியதால் மட்டும் அந்த இடம் நிறுவனத்தின் சொத்தாகிவிடாது. கூட்டாளி அதை நிறுவனத்துக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: அப்படிக் கொண்டுவர பதிவுப் பத்திரம் தேவையில்லை. அதனால் வில்லங்கச் சான்றில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது என்று நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்றால், 1994 பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் அப்பாவின் முதலீடு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பேலன்ஸ் ஷீட்டில் நிலமும் கட்டடமும் நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் இருக்கிறதா, தேய்மானம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்பாவுக்கு நிறுவனம் வாடகை கொடுத்திருந்தால், அதை அவர் தன் வருமான வரிக் கணக்கில் காட்டியிருந்தால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வாடகை கொடுத்தவர் தன் சொந்த இடத்துக்கா கொடுப்பார்? அப்பாவின் பழைய ஆடிட்டர் உயிரோடு இருந்தால், வக்கீலைப் பார்ப்பதற்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். இதை ஒரு வக்கீலே சொல்கிறேன்.

அடுத்ததுதான் என் அலுவலகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த விபத்து. கோபத்தோடு வருபவர்கள் முதல் நோட்டீஸிலேயே வழக்கைத் தோற்றுவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தை அப்படியே நோட்டீஸாக மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

"எங்கள் நிறுவனத்தின் தியேட்டர்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மனை நிறுவனத்துடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும், எதிர்த்தரப்பு அதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. ஒன்பது வருட லாபத்தில் பங்கு கேட்கிறீர்கள். லாபம் என்பது தொழிலின் கணக்கு, அதைக் கேட்டால் நீங்களாகவே நிறுவனத்துக்குள் போய் நிற்பீர்கள். அதற்குப் பதிலாக, பொதுச் சொத்தை அண்ணன் ஒருவரே அனுபவித்ததற்கு என் பங்குக்கான ஈடு வேண்டும் என்று கேட்க வேண்டும். பணம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம், வழக்கு வேறு.

"விரட்டிவிட்டார்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் இரண்டு கதவுகள் உண்டு. சொத்து இன்னும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்று வழக்குப் போட்டால் சிறிய, நிலையான கட்டணம்தான். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டேன் என்றால் உங்கள் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017க்கு முன்பு இது 7.5 ஆக இருந்தது, அதை நினைத்து ஆறுதல் அடையலாம். கட்டணம் போனால் போகட்டும் என்றாலும் அதே சொல்லுக்கு இன்னொரு கூர் இருக்கிறது: வெளியேற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு ஓடத் தொடங்குகிறது. 2016இல் வெளியேற்றினார்கள் என்று நீங்களே தேதி குறித்துக் கொடுத்தால் 2028 உங்கள் கடைசி நாளாகிவிடும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. சாவி ஒருவரிடம் இருப்பதும் அவர் காசு கொடுக்காததும் சட்டப்படி வெளியேற்றம் ஆகாது. கூட்டுரிமையாளர் ஒருவரின் அனுபவம் மற்றவர்களின் அனுபவமும்தான். உங்கள் உரிமையையே அவர் மறுத்தாரா, சும்மா கோபத்தில் பேசினாரா என்பதைப் பிராது எழுதும்முன் உங்கள் வக்கீலிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

சரி, பாரம்பரியச் சின்னம். உங்கள் தியேட்டர் கட்டிய அதே 1958இல் வந்த மத்தியத் தொல்லியல் சட்டம், ஒரு கட்டடம் குறைந்தது 100 ஆண்டு பழையதாக இருக்க வேண்டும் என்கிறது. மாநிலத்தில் 2012ஆம் ஆண்டுப் பாரம்பரிய ஆணையச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதன் கீழ் அறிவிப்பது அரசு எடுக்கும் முடிவு. வாரிசு ஒருவர் கேட்டுப் பெறும் உரிமை அல்ல. சென்னை அண்ணா சாலையில் 1913இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இன்றைக்கும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்கிறதுதான். அஞ்சல் துறையின் கைக்குப் போனதால் நிற்கிறது, உள்ளே தபால்தலை விற்கிறார்கள். உங்கள் தியேட்டரை அப்படி யாராவது வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்களா? இல்லையென்றால் இந்த முயற்சி வென்றாலும் உங்கள் பங்கின் விலைதான் விழும். மனுவைக் கிழித்துவிடுங்கள்.

இடைக்காலத் தடை கிடைக்கலாம். பாகம் கேட்டு வழக்கு நடக்கும்போது பொதுச் சொத்தை இடிக்காதே என்று நீதிமன்றம் சொல்வது வழக்கம்தான். அதை வைத்து என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. தியேட்டரில் படம் காட்டத் தேவையான சி ஃபாரம் லைசென்ஸ் கொடுப்பது மாவட்ட ஆட்சியர். 1957ஆம் ஆண்டு விதிகளின்படி, கேட்பவர் இடத்தைச் சட்டப்படி தன் வசம் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில், குத்தகை முடிந்த பிறகும் உட்கார்ந்திருக்கும் வாடகைதாரரின் இருப்பு சட்டப்படியான இருப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1973இல் சொன்னது. அதற்குப் பிறகு உரிமைத் தகராறு என்று மனு வந்தாலே அலுவலகத்தில் ஃபைல் நகராது. என்னிடம் வழக்கு நடத்திய கட்சிக்காரர் ஒருவர் தடையோடு நிற்காமல் ஆட்சியருக்கும் ஆட்சேபம் எழுதினார். லைசென்ஸ் நின்றது, காட்சி நின்றது, மின் இணைப்பும் போனது. நான்கு மழைக்காலம் போனதும் பால்கனிக் கூரை இறங்கிவிட்டது. கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, இடித்துவிடு என்று நகராட்சியே நோட்டீஸ் ஒட்டியது. தடையுத்தரவு அப்போதும் அமலில்தான் இருந்தது, அவருடைய பீரோவில்.

வழக்கை முழுதாக நடத்தினால் முடிவு எப்படி இருக்கும்? தியேட்டரை மூன்றாக அறுக்க முடியாது. 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி, பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால், பிரிப்பதற்குப் பதிலாக நீதிமன்றம் விற்கச் சொல்லலாம். அண்ணன்கள் இருவரும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு. அவர்கள் விற்கக் கேட்டால், 3ஆம் பிரிவில் நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு அவர்கள் பங்கை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவு பணம் இருக்கிறதா? இல்லையென்றால் ஏலம்தான், ஏல விலை எப்படி இருக்கும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் இந்தக் கணக்கை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். சின்ன அண்ணன் பார்ட்னரா? உங்கள் கடிதப்படி இல்லை. அப்படியானால் மனை நிறுவனத்துடையது என்று பெரிய அண்ணன் சொல்லத் தொடங்கும் நாளில், உங்களோடு சேர்ந்து அவருக்கும் பட்டை நாமம்தான். இது அவருக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். நீங்களும் அவரும் சேர்ந்தாலும் மூன்றில் இரண்டு வருகிறது. அவர் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பழைய சண்டையைப் பேசாமல் பேலன்ஸ் ஷீட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

என் ஆலோசனை, சமரசம். இடிக்க விடுங்கள், விலை வாங்குங்கள். உங்கள் கையில் இருக்கும் பிடி பெரியது: உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தக் கட்டுமான நிறுவனமும் பணத்தை இறக்காது, வங்கியும் கடன் தராது. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். வெளியாளுக்கு விற்றால் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். உங்கள் பிரிபடாத பங்கை வாங்கிக்கொள்கிறேன் என்று யாரோ தூது விட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அவர் வழக்குக்கான தள்ளுபடியையும் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் அண்ணன்கள் முன்னுரிமை கேட்டு அதிலும் ஒரு வழக்கு முளைக்கும்.

சமரசத்திலும் விழுகிறவர்கள் உண்டு. "இப்போது விடுதலை எழுதிக்கொடு, வளாகம் கட்டியதும் உனக்கு இரண்டு கடை" என்பார்கள். பத்திரத்தில் கடையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, பிரதியுபகாரம் எதுவும் பெறாமல் பாசத்தால் விட்டுக்கொடுத்ததாக இருக்கும். அப்புறம் நீதிமன்றத்தில் பாசத்தை நிரூபிப்பது சுலபம், கடையை நிரூபிப்பது கஷ்டம். கடை வேண்டுமென்றால் கட்டுமான ஒப்பந்தத்தில் நீங்களும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும். பணம் என்றால் பதிவு நாளன்று டிமாண்ட் டிராஃப்ட். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம். இப்போது கையெழுத்துக் கேட்கும் அந்தப் பத்திரம் லைசென்ஸ் புதுப்பிக்கும் சம்மதக் கடிதமா, பொது அதிகாரப் பத்திரமா என்று கடைசிப் பக்கம்வரை படித்துப் பாருங்கள்.

வழக்குப் போட்ட பிறகு பேச்சு கூடிவந்தாலும் நஷ்டமில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே நீங்களே பேசி முடித்தாலும் கட்டணத்தை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று நம் மாநிலச் சட்டத்தின் 69அ பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லியிருக்கிறது.

இடிப்பதற்கு முன் ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைக் கூட்டிப்போய், 2001 ஏப்ரல் 1 அன்று நிலமும் கட்டடமும் என்ன பெறும் என்று அறிக்கை வாங்கிவிடுங்கள். மூலதன ஆதாய வரிக்கு அதுதான் அடிப்படை விலை. கட்டடம் போன பிறகு அதை மதிப்பிட ஆள் கிடைக்காது.

கடைசிப் பக்கத்தில், அப்பா கையால் ஓட்டிய கார்பன் புரொஜெக்டரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீதிமன்ற ஏலத்தில் அது எடைக்குப் போகும். சமரசப் பத்திரத்தில் அசையும் பொருள் அட்டவணை ஒன்று போட்டு, புரொஜெக்டர், டிக்கெட் கவுன்ட்டர் பலகை, மணி என்று பெயர் சொல்லி எழுதி உங்கள் பாகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் மறுக்க மாட்டார், அவருக்கு அது இரும்பு. அதற்கு முன் வேலை இருக்கிறது: 1979 பாகப்பிரிவினைப் பத்திரம், 1994 பார்ட்னர்ஷிப் பத்திரம், அப்பாவின் கடைசி மூன்று வருட வருமான வரிக் கணக்கு, மூன்றும் கைக்கு வரும்வரை யாருக்கும் நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.