உளுத்த கட்டிலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி (வாசகி, கும்பகோணம்): கட்டில், துணி அலமாரி, சாப்பாட்டு மேஜையோடு மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு வந்தோம். அட்வான்ஸ் 60,000. பதினாலு மாதத்தில் அலமாரியின் அடிப்பலகை ஊதி, கதவு கழன்று தொங்குகிறது. புது அலமாரி விலை 18,000-ஐ அட்வான்ஸில் பிடிப்பேன் என்கிறார் வீட்டுக்காரர். கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வாய்ச்சண்டைக்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரி முன் உட்காருங்கள். பலகையின் ஓரத்தில் டேப் பிய்ந்த இடத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரச்சில்லைப் பசையில் பிசைந்து அழுத்தியதுபோல் இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. இது தண்ணீரைக் குடித்து ஊதினால், காய்ந்த பிறகும் பழையபடி சுருங்காது. கீல் திருகுக்குப் பிடிமானமும் போய்விடும். ஒரு சைஸ் பெரிய திருகு போட்டு முடுக்குவார்கள், சில வாரத்தில் அதுவும் ஆடும். பலகை ஊதாமல் துளை மட்டும் தளர்ந்திருந்தால், துளையை 8 மி.மீ. ஆக்கி, அதே பருமனுள்ள மரக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டுத் திருகலாம். ஊதின பலகையை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, ஊதல் எங்கே ஆரம்பித்தது? முன்பக்கம், தரையை ஒட்டி இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் என்றால் வீடு துடைத்த தண்ணீர். அது உங்கள் கணக்கு. சுவரை ஒட்டிய முதுகுப் பலகையில் பூஞ்சையும், பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும் இருந்தால் ஓதம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துப் பழைய சுவர்கள் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதற்குக் குடியிருப்பவர் என்ன செய்வார்? மண் பூசின கோடு தெரிந்தால் கரையான். தரைக்கும் சுவருக்கும் அடியிலிருந்து வருவதால் அதுவும் வீட்டுக்காரர் பாடு. ஆனால் பார்த்துவிட்டு ஆறு மாதம் சும்மா இருந்திருந்தால் உங்களுக்கும் பங்கு உண்டு. குண்டூசித் துளையும் மாவுபோன்ற தூளுமாக இருந்தால், பெரும்பாலும் மரத்தோடு வந்த உளு.

தவறு உங்களுடையதே என்றாலும் புது விலையை ஏன் கொடுக்க வேண்டும்? எட்டு வருடம் உழைக்கக்கூடிய, ஐந்து வருடப் பழைய, 14,000 ரூபாய் அலமாரி என்றால் மீதி மூன்று வருடத்துக்கு 5,250 ரூபாய். சட்டம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை, பேசி முடிக்க நியாயமான அளவு இதுதான். சட்டம் சொல்வது: வழக்கமான தேய்மானம் உங்கள் தலையில் வராது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அட்வான்ஸ் திரும்ப வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நீங்கள் கொடுத்திருப்பது ஐந்து மாதம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் இவை இருக்கின்றன. பேச்சு முறிந்தால் மாவட்ட வாடகை அதிகாரியிடம் போகலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அவர்.

ஒன்று மட்டும் வேண்டாம்: கோபத்தில் வாடகையை நிறுத்துவது. வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை அவர் செய்யாவிட்டால் நீங்களே செய்து வாடகையில் கழிக்கலாம், மாதத்துக்குப் பாதி வாடகை வரைதான். ஆனால் யார் எதைப் பழுது பார்ப்பது என்ற சட்டப் பட்டியலில் வயரிங், குழாய், வெள்ளையடிப்பு வருகிறது. கட்டில், மெத்தை வரவில்லை. ஆகவே ஒப்பந்தத்தில் சாமான் பற்றி எழுதாமல் கழிக்காதீர்கள்.

கேள்வி (வீட்டுக்காரர், நாகப்பட்டினம்): இரும்புக் கட்டில், பீரோ வாங்கிப் போட்டு ஒன்றரை வருடம்தான். துருப்பிடித்துவிட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள் குடியிருப்பவர்கள். என் செலவா?

பதில்: ஆமாம். கடற்காற்று அவர்கள் கொண்டுவந்ததல்ல. மாற்றத் தேவையில்லை; தகடு ஓட்டையாகாதவரை காப்பாற்றலாம். துரு போல்ட் துளையிலும் கால் அடியிலும்தான் ஆரம்பிக்கும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, 120-ம் நம்பர் எமரி தாளால் தேய்த்து, உப்பு போக ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். துரு தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு ஒரு கோட், மறுநாள் எனாமல், அதற்கு மறுநாள் இன்னொரு எனாமல். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் பொரிந்து உதிரும். கால்களுக்கு ரப்பர் புஷ், சுவருக்கும் பீரோவுக்கும் மூன்று அங்குல இடைவெளி.

கேள்வி (கல்லூரி மாணவர், திருவாரூர்): அறையோடு வந்த மெத்தையில் மூட்டைப்பூச்சி. நாங்கள்தான் கொண்டுவந்தோம் என்கிறார் ஓனர்.

பதில்: மெத்தையின் தையல் ஓரத்திலும் கட்டில் மூட்டிலும் கரும்புள்ளிகள், உரித்த தோல், பல அளவுப் பூச்சிகள் எல்லாம் அடர்ந்து கிடந்தால் அது நேற்று வந்ததல்ல. அன்றைக்கே படம் எடுத்துத் தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். குடிவந்து ஒரு வாரத்துக்குள் என்றால் உங்கள் பக்கம் பலம். மருந்தடிப்பவரை ஒரே தடவையோடு விடாதீர்கள். முட்டை மருந்துக்குத் தப்பி ஒன்றிரண்டு வாரத்தில் பொரியும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். உறை, போர்வையை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். மெத்தையை மட்டும் வெயிலில் போட்டுவிட்டு கட்டிலின் இணைப்புகளை விட்டுவிட்டால், அதே பூச்சி ராத்திரிக்குத் திரும்பிவிடும்.