20 ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கும்போது 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வேண்டுமா?

வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்கள், இறந்தால் 2 லட்சம் என்கிறார்கள், அதே 2 லட்சத்துக்கு இன்னொரு திட்டத்தில் 436 ரூபாய் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டும். தொகை ஒன்றுதான், ஆனால் அது எப்போது கைக்கு வரும் என்பது வேறு. இரண்டும் மத்திய அரசின் திட்டங்கள். 436 ரூபாய் திட்டம் ஜீவன் ஜோதி, ஆயுள் காப்பீடு. மாரடைப்போ, புற்றுநோயோ, விபத்தோ, எதில் உயிர் போனாலும் பணம் உண்டு. சேர்ந்த முதல் 30 நாளுக்குள் நோயால் இறந்தால் மட்டும் கிடையாது. 20 ரூபாய் திட்டம் சுரக்ஷா பீமா, விபத்துக்கு மட்டும். நோயில் போனால் ஒரு ரூபாயும் வராது. பெரும்பாலான மரணங்கள் நோயால்தான் என்பதால்தான் 20 ரூபாய்க்கு அது கட்டுப்படியாகிறது.

எங்கள் ஊரில் பலருக்கு கிளெய்ம் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் வரியில் விரலை வைத்து, "வருஷா வருஷம் பிடிச்சிருக்காங்களே தம்பி" என்று கேட்கும் அக்காவிடம், வீட்டுக்காரர் மாரடைப்பில் போனதால் இதில் ஒன்றும் வராது என்று சொல்வது மிகவும் கொடுமை. அவர் 436 ரூபாய் திட்டத்தில் சேர்ந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் விவரங்களும்தான் முக்கியமாகத் தேவைப்பட்டிருக்கும்.

விபத்துக் காப்பீட்டில் இறந்தார் என்று காட்டினால் போதாது, எப்படி இறந்தார் என்றும் காட்ட வேண்டும். பைக்கில் போகும்போது விழுந்து ஒருவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். தலையில் அடிபட்டு இறந்தாரா, நெஞ்சுவலி வந்து விழுந்தாரா? பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் சொல்லும். "போன உடம்பை எதுக்கு அறுக்கணும்" என்று குடும்பத்தார் கெஞ்சுவார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனாலும் எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனையும் இல்லாமல் சாலை விபத்து கிளெய்ம் நகர்வது மிகக் கடினம். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குப் போனதற்கான பதிவு வேண்டும். வைத்தியரிடம் பச்சிலை வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே உயிர் போனால் அந்தக் காகிதம் இருக்காது. பணத்தை விடுங்கள், உயிரைக் காப்பாற்றவும் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

எது விபத்து என்பதில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போயிருக்கிறது. வீட்டுக் கடனோடு விபத்துக் காப்பீடு எடுத்திருந்த ஒருவர் மொசாம்பிக்கில் வேலை பார்த்தபோது மலேரியாவில் இறந்தார். எதிர்பாராமல் கொசு கடித்ததே விபத்துதான் என்பது குடும்பத்தின் வாதம். நுகர்வோர் ஆணையங்கள் ஒப்புக்கொண்டன. 2019-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: மலேரியா பரவலாக இருக்கும் நாட்டில் அது நோய்தான், விபத்தல்ல. காப்பீட்டு நிறுவனம் ஏற்கெனவே கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க வேண்டாம் என்றும் சொன்னது, அது ஒரு ஆறுதல். ஆயுள் காப்பீடாக இருந்திருந்தால் இந்த வழக்குக்கே இடமில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு 20 ரூபாயை நிறுத்திவிடாதீர்கள். ஆயுள் காப்பீடு செய்யாத ஒன்றை அது செய்கிறது: ஆள் உயிரோடு இருக்கும்போதே பணம் தருகிறது. விபத்தில் ஒரு கையோ ஒரு காலோ முற்றிலும் செயலிழந்தால், அல்லது ஒரு கண் பார்வை மீளாமல் போனால், 1 லட்சம். இரண்டு கண்ணோ, இரு கையோ, இரு காலோ போனால் 2 லட்சம். மில்லிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். தற்கொலைக்கு இதில் பணம் இல்லை, கொலைக்கு உண்டு.

வயதையும் பாருங்கள். ஜீவன் ஜோதியில் 50 வயதுக்குள் சேர வேண்டும், 55-ல் முடிந்துவிடும். சுரக்ஷா 70 வரை ஓடும். அறுபது வயது அப்பாவின் பாஸ்புக்கில் 20 ரூபாய் மட்டும் போகிறது என்றால், அவருக்கு விபத்துக் காப்பீடு மட்டும்தான் இருக்கிறது.

சின்னக் குழந்தைகளும் கடனும் இருக்கிற வீட்டுக்கு 2 லட்சம் எந்த மூலைக்கு? முடிந்தவர்கள் தனியாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள், இருக்கிற நோயை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு திட்டத்துக்கும் பணம் மே மாதக் கடைசியில் பிடிப்பார்கள். அந்த வாரம் கணக்கில் 456 ரூபாயாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.