நீலப் புகைக்கு இன்ஜினையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னுடைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு 25 வயது. நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின். மலைப்பாதையிலும் மண் சாலையிலும்தான் அதிகம் ஓட்டுகிறேன். இப்போது நீலப் புகை விடுகிறது, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஓடையைக் கடக்கும்போது நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது, காயவைத்ததும் ஓடியது. "இன்ஜின் முடிந்தது. குறைந்த கிலோமீட்டர் ஓடிய பழைய இன்ஜின் ஒன்று இருக்கிறது, மாற்றிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். பிரித்துச் சீரமைப்பதா, மாற்றுவதா?

பதில்: அந்த இன்ஜினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் இன்ஜின் முடிந்ததா இல்லையா என்பதை இன்னும் யாரும் அளந்து பார்க்கவில்லை. கடிதத்தில் புகை இருக்கிறது, ஆயில் இருக்கிறது, மெக்கானிக்கின் தீர்ப்பு இருக்கிறது. ஒரே ஓர் எண்கூட இல்லை.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். எந்த வழியாக எரியறைக்குள் வருகிறது என்பதுதான் கேள்வி. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்துப் புகை வந்து அடங்கினால் வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் மீது சந்தேகப்படுங்கள். அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. டர்போ இருந்தால் அதன் சீலும் இதே புகையைத் தரும். ஏற்றத்தில், பாரத்தோடு இழுக்கும்போது விடாமல் புகைந்தால்தான் பிஸ்டன் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையம்) சிலிண்டரும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்களே ஒன்று செய்து பாருங்கள். இன்ஜின் சும்மா ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வையுங்கள். மூடி தடதடவென்று ஆடி எகிறி, உள்ளிருந்து புகை விட்டுவிட்டுத் தள்ளினால் எரியறையின் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது.

அடுத்து கம்ப்ரெஷன் சோதனை: ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்தத்துக்கு அமுக்குகிறது என்று மீட்டர் வைத்து அளப்பது. பெரும்பாலான பழைய டீசல் இன்ஜின்களில் 350 முதல் 450 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை காட்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. நான்கு சிலிண்டர்களுக்குள் 10, 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. நான்கு எண்களையும் தாளில் எழுதி வாங்குங்கள். "எல்லாமே குறைவு சார்" என்ற வாய்ச்சொல் சோதனையாகாது. இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது: அரைநாள் உட்கார்ந்து அளந்து சொல்பவருக்குக் கூலி தர யாருக்கும் மனமில்லை, இன்ஜினை இறக்கி ஏற்றுபவருக்குக் கேட்டதைக் கொடுக்கிறோம். பிறகு பட்டறைகள் எதைப் பரிந்துரைக்கும்?

நான்கு எண்களும் ஒன்றுபோல இறங்கியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். பிரித்துச் சீரமையுங்கள். சிலிண்டரைப் போரிங் செய்து, அதாவது உட்புறத்தைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், லைனர் (சிலிண்டருக்குள் செருகிய தனிக் குழல்) உள்ள இன்ஜின் என்றால் லைனரையே மாற்றலாம். பழைய டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் இதற்கேற்பக் கட்டப்பட்டவை.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் அந்த ஓடையை நினைத்துப் பாருங்கள். காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே போன தண்ணீர்மேல் பிஸ்டன் மோதும்போது, பிஸ்டனைக் கீழே உள்ள கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலும் இன்ஜின் ஓடும், மாதக்கணக்கிலும் ஓடும். ஒருநாள் ராடு முறிந்து பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடல்) பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரலாம். அதன்பின் சீரமைக்க எதுவும் மிஞ்சாது. மாற்றுவது ஒன்றே வழி. ஆகவே ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) கழற்றியதும், ஒவ்வொரு பிஸ்டனும் உச்சத்துக்கு வரும்போது பிளாக்கின் மேல்தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டயல் கேஜ் என்ற நுண்ணளவுக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்திருக்கிறது. இப்போதே கண்டுபிடித்தால் ராடை மாற்றி பிளாக்கைக் காப்பாற்றலாம். ஹெட்டைக் கழற்றுமுன் கம்ப்ரெஷன் எல்லாவற்றிலும் சரியாக இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டிக்கு இந்த அளவை விட்டுவிடாதீர்கள். இதை அளக்க மறுக்கும் பட்டறையில் வண்டியை விட வேண்டாம்.

இனி அந்தக் "குறைந்த கிலோமீட்டர்" இன்ஜின். கிலோமீட்டர் மானி டாஷ்போர்டில் இருக்கிறது, இன்ஜினில் இல்லை. தரகர் சொல்லும் எண்ணுக்கு அவர் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. புதுப் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கசிவையும் விரிசலையும் மறைக்கப் பெயின்டைவிட எளிய பொருள் இல்லை. நீங்கள் போவதற்குள் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு, மறுநாள் சொல்லாமல் போங்கள். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆவதைப் பார்க்க வேண்டும். ஆயில் தேனைப் போலக் கெட்டியாக ஒழுகினால், புகையை அடக்கக் கெட்டி ஆயிலோ வேறு மருந்தோ ஊற்றியிருக்கிறார்கள். வால்வு மூடியைத் திறக்க விடாதவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எண் பொறித்த இடத்தில் அரம் பட்ட தடம் இருந்தால் தொடவே தொடாதீர்கள். பல நாடுகளில் அந்த எண் பதிவுச் சான்றிலும் இருக்கும். எண்ணை மாற்றிப் பதிய அலுவலகம் கேட்கும் ஆவணத்தைப் பழைய இன்ஜின் விற்பவர் தரமாட்டார், அலைவது நீங்கள்தான்.

எதைச் செய்தாலும், அதற்கு முன் ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மண் சாலை வண்டிகளில் ரிங் சீக்கிரம் தேய்வதற்கு அங்கே உள்ள ஒரு வெடிப்போ தளர்ந்த கிளாம்போ போதும். துணியில் மண் நிறம் ஒட்டினால் தூசி ஃபில்டரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் குழாயையும் கிளாம்புகளையும் மாற்றிய பிறகே பிஸ்டன் வாங்கப் போங்கள். பழைய ரேடியேட்டரையும் ஆயில் கூலரையும் உட்புறம் கழுவச் சொல்லி, கழற்றிய ரிங், பேரிங் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு உங்களிடமே ஒப்படைக்கச் சொல்லுங்கள்.